தேர்வை மறைத்த தொடர்: 'ரிப்ளை 1988' காட்டும் உந்துதலும் வளர்ச்சியும்

முன்னுரை

தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை 20 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் 'ரிப்ளை 1988'. லீ ஊஜங் எழுத, ஷின் வொன்ஹோ இயக்கினார். சியோல் நகரின் சங்முன்தோங் பகுதியில், ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை இது. தொக்சன், ஜுங்வான், தேக், சன்வூ, தோங்ரியோங் ஆகிய ஐவரும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். ஒலிம்பிக் நடந்த 1988-இல் பள்ளிப் பருவத்தினர். நடுவயதை எட்டிய தொக்சனும் அவள் கணவரும் 2015-இல் பழைய நாட்களை நினைவுகூர்வதாகக் கதை சொல்லப்படுகிறது. அந்தக் கணவர் நண்பர்களுள் யார் என்பது ஏறக்குறைய இறுதிவரை மறைக்கப்படுகிறது. ஜுங்வானா, தேக்கா என்று ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டனர். தொடர் குறித்த பேச்சில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

பிறர் தன்னைத் தேர்ந்தெடுக்கக் காத்திருக்கும் ஒருத்தி, தானே தேர்ந்தெடுக்கத் துணிபவளாக மாறுவதுதான் இத்தொடரின் வளர்ச்சிக் கதை. ஆனால் கணவர் யார் என்ற புதிரைக் காப்பாற்றுவதற்காக, அந்த மாற்றம் நிகழும் தருணத்தையே தொடர் பார்வையாளரிடமிருந்து மறைத்துவிடுகிறது. இந்த முரணை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுப்பிள்ளையின் உந்துதல்

தொக்சனின் உந்துதலுக்கு வேர் முதல் பகுதியிலேயே காட்டப்படுகிறது. அக்கா போராவின் பிறந்தநாளுக்கும் அவள் பிறந்தநாளுக்கும் இடையே சில நாட்களே உள்ளன. ஆண்டுதோறும் அக்காவுக்கு வாங்கிய கேக்கிலேயே மெழுகுவத்திகளைக் குறைத்து மறுபடி ஏற்றி, தொக்சனுக்கும் சேர்த்துக் கொண்டாடிவிடுகிறார்கள். இந்த முறை அவள் வெடித்து அழுகிறாள். முட்டை குறைவாக இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும்தான், கோழிக்காலும் அவர்களுக்கே, அழகான பெயர்கூட அவர்களுக்கே வாய்த்தது. வறுமையைக் காட்டும் காட்சி என்று இதைச் சுருக்கிவிட முடியாது. தந்தை நண்பருக்காகக் கடன் ஜாமீன் கையெழுத்திட்டதால் அக்குடும்பம் அரைநிலவறை வீட்டில் வாழ்கிறது. பற்றாக்குறையைப் பங்கிடும்போது ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்கும் நிலை யாருக்கு வருகிறது என்பதே காட்சியின் பொருள். மூத்தவளுக்குப் படிப்பின் பெருமை உண்டு. இளையவனுக்கு ஆண்பிள்ளை என்ற இடம் உண்டு. நடுப்பிள்ளைக்கோ பொறுத்துக்கொள்ளும் கடமை மட்டுமே மிஞ்சுகிறது.

இதே வடிவம் பொது அரங்கிலும் தொடர்கிறது. ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையை ஏந்த அவள் பல மாதங்கள் பயிற்சி பெறுகிறாள். அந்நாடு அந்த ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளாததால் வாய்ப்பு நழுவுகிறது. கடைசி நேரத்தில் இன்னொருத்தியின் இடம் காலியாகவே, உகாண்டா அணியின் பலகை அவள் கைக்கு வருகிறது. வரலாற்று நிகழ்வு இங்கே வெறும் காலப் பின்னணியாக நிற்கவில்லை. தன் இடத்தைப் பிறரே தீர்மானிக்கிறார்கள் என்ற அவளது அனுபவத்தை அது மேலும் உறுதிப்படுத்துகிறது.

காதலிலும் அப்படியே நடக்கிறது. சன்வூவுக்கு உன்மேல் விருப்பம் என்று தோழிகள் சொன்ன பிறகே அவன்மீது மனம் வைக்கிறாள். அவன் விரும்புவது போராவை என்று தெரிந்ததும் உடைகிறாள். பின்னர் ஜுங்வான் விஷயத்திலும் தோழிகளின் பேச்சுத்தான் தூண்டுதல். இரண்டிலும் அவளது ஆசை, இன்னொருவர் தன்னை விரும்பக்கூடும் என்ற நம்பிக்கையில் பிறந்ததே. வகுப்பில் கடைசி வரிசை மதிப்பெண்காரனான தோங்ரியோங்தான் இதைக் கண்டுகொள்கிறான். யார் உன்னை விரும்புகிறார்கள் என்பதை விடு, நீ யாரை விரும்புகிறாய் என்று யோசி என்கிறான். தொடரின் அச்சு இந்த உரையாடலில்தான் இருக்கிறது.

விட்டுக்கொடுத்தலும் தயக்கமும்

தேக் தன் காதலை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னதும் ஜுங்வான் மௌனமாக விலகுகிறான். தேக்கும் பிறகு ஜுங்வானின் பணப்பையில் தொக்சனின் படத்தைப் பார்த்ததும் பின்வாங்குகிறான். இருவரின் விட்டுக்கொடுத்தலுக்கும் நட்பே காரணம். அப்படியானால் முடிவு ஏன் தேக்கின் பக்கம் சாய்கிறது? 1994-இல் இசை நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொக்சன் தனியாகச் செல்ல நேர்ந்ததை அறிந்து இருவருமே புறப்படுகிறார்கள். பதுக் என்ற பலகை ஆட்டத்தின் வீரனான தேக், போட்டியையே கைவிட்டு வந்து சேர்கிறான். ஜுங்வான் வரும்போது தேக் ஏற்கெனவே அங்கே நிற்கிறான். வழியில் மறித்த சிவப்பு விளக்குகளை முதலில் நொந்துகொள்ளும் ஜுங்வான், தன்னைத் தோற்கடித்தது விளக்குகளல்ல, அத்தனை ஆண்டுகளாய்த் தான் கொண்டிருந்த தயக்கமே என்ற முடிவுக்கு வருகிறான்.

ஜுங்வானின் தோல்வி தற்செயலால் திணிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் காட்சியே மறுமொழி. விதி என்று தொடங்கிய விளக்கத்தை அவனே திருத்திப் பொறுப்பாக மாற்றுகிறான். இதய நோயால் அண்ணன் எட்ட முடியாத கனவைத் தன் தோளில் ஏற்றி விமானப் படையில் சேர்ந்தவன் அவன். பிறருக்காக வாழ்வதை நற்பண்பென்றே பழகிய ஒருவன், அந்தப் பண்புக்குள் அச்சமும் ஒளிந்திருந்ததைக் காண்கிறான். இதைவிட முழுமையான வளர்ச்சி இத்தொடரில் வேறு எந்த இளைஞருக்கும் வாய்க்கவில்லை.

பெற்றோரின் வளர்ச்சி

வளர்வது இளையோர் மட்டுமல்ல என்பது இத்தொடரின் தனிச்சிறப்பு. பிறந்தநாள் சண்டைக்குப் பின் தொக்சனின் தந்தை தோங்கில் ஒரு கேக்குடன் சந்தில் காத்திருக்கிறார். தகப்பனாக இருப்பது தனக்கும் இதுவே முதல் முறை என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்ட போராவைக் காவலர்கள் பிடிக்க வரும்போது, தாய் மழையில் நின்று மகளின் நற்குணங்களைச் சொல்லி மன்றாடுகிறாள். அதுவரை இறங்கிவராத போரா, தாயின் காலில் வழியும் இரத்தத்தைக் கண்டதும் இறங்குகிறாள். இராணுவ ஆட்சியிலிருந்து மக்களாட்சிக்கு நாடு நகர்ந்துகொண்டிருந்த காலத்தின் அரசியலைத் தொடர் இங்கே வீட்டுவாசலோடு நிறுத்திக்கொள்கிறது என்பது நியாயமான குறை. ஆனால் பெற்றோரையும் காரணங்கள் உள்ள மனிதர்களாகப் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கும் கணத்தை அது துல்லியமாகப் பிடித்திருக்கிறது.

புதிரின் விலை

தோங்ரியோங்கின் கேள்விக்குத் தொக்சன் எப்போது விடை கண்டாள்? பள்ளி இறுதிக் காலத்தில் தேக்கின் அறையில் ஒரு முத்தம் நிகழ்கிறது. தூக்க மாத்திரை உண்ட தேக் அதைக் கனவென்று எண்ணுகிறான்; தொக்சனும் தான் அங்கு வரவேயில்லை என்கிறாள். அது கனவல்ல என்று 1994-இல் பெய்ஜிங்கில்தான் தெரியவருகிறது. ஏன் பொய் சொன்னாள், இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன எண்ணினாள், தன் விருப்பத்தைத் தானே எப்படி அடையாளம் கண்டாள் என்பவை காட்டப்படவில்லை. அவள் விமானப் பணிப்பெண்ணாக ஆனதும் காலத் தாவலுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. 2015-இல் பேசும் கணவரின் கடுகடுப்பு ஜுங்வானை நினைவூட்டும்படி அமைந்ததும் இதே புதிரின் தேவையால்தான்.

கதை சொல்பவள் தொக்சன். என்றாலும் ஜுங்வானின் மனவோட்டம் அவன் குரலிலேயே நமக்குக் கிடைக்கிறது. தேக்கின் ஏக்கத்தை நாம் நேரே பார்க்கிறோம். தொக்சனின் மனம் மட்டும் பூட்டியே இருக்கிறது. அவள் விருப்பம் தெரிந்தால் புதிர் உடைந்துவிடும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தென்படவில்லை. இருவரில் யாருக்கு அவள் கிடைப்பாள் என்று பார்வையாளரைக் கேட்க வைத்ததன் மூலம், எந்த நிலையிலிருந்து அவள் வெளியேற வேண்டுமோ அந்த நிலையிலேயே தொடர் அவளை நிறுத்திவிட்டது.

முடிவுரை

உந்துதலை விதைப்பதில் 'ரிப்ளை 1988' தேர்ந்த படைப்பு. ஒரு முட்டையிலிருந்தும் ஒரு பெயர்ப்பலகையிலிருந்தும் ஒரு பெண்ணின் மனத்தை அது கட்டியெழுப்புகிறது. ஜுங்வானையும் பெற்றோரையும் அது நம் கண்முன்னே வளர்க்கிறது. தொக்சனை மட்டும் திரைக்குப் பின்னால் வளர்த்து, பலனை மாத்திரம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு பாத்திரம் முடிவெடுக்கும் கணத்தை மறைத்து வைத்தால் சுவாரசியம் கூடும்; வளர்ச்சிக் கதை அந்த அளவுக்குக் குறைந்துபோகும்.