காசியில் வீழ்ந்த கல்

1798ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு காசிக்கு அண்மையில் தீக்கோளம் ஒன்று தோன்றி, இடியென முழங்கிக் கற்களைச் சொரிந்தது. வானினின்று கல் விழும் என்றால் அக்காலத்து அறிஞர் பலர் நகைப்பர். 1768இல் பிரான்சில் வீழ்ந்த கல்லை ஆராய்ந்த லவாசியே முதலியோர், அது மின்னல் தாக்கிய நிலக்கல்லே என்று முடிவு கட்டினர். பேரறிஞரே, ஆயினும் கல் முழுவதையும் ஒருங்கே பொடித்துச் சோதித்தமையே அவரை வழி தவறச் செய்தது என்பேன்.

காசிக் கல் இலண்டனில் எட்வர்ட் ஹோவர்டிடம் வந்து சேர்ந்தது. அவருக்குத் துணை நின்றவர், புரட்சியின்போது பிரான்சை நீங்கிய பூர்னோன் பிரபு. கனிம நூல் வல்லவர். கல்லோ எளிதில் உதிரும் தன்மையது. மண் போன்ற பகுதியை விலக்கி, உள்ளே பொதிந்திருந்த சிற்றுருண்டைகள், இரும்புத் துகள்கள், கந்தகம் கலந்த இரும்பு ஆகியவற்றை வெவ்வேறாகப் பிரித்தனர். அரிசியில் கல் பொறுக்கும் நம் வீட்டுப் பாட்டியரின் பொறுமை என்று கொள்ளுங்கள், மாணவர்களே!

ஹோவர்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார். இரும்பில், நிலத்து இரும்பில் அரிதான நிக்கல் இருந்தது. இத்தாலி, இங்கிலாந்து, பொஹீமியா ஆகிய நாடுகளில் வீழ்ந்த கற்களிலும் அதுவே! 1802இல் இது வெளியானபின் நகைப்பு அடங்கத் தொடங்கிற்று.

அவ்வுருண்டைகளைக் காண்ட்ரூல் என்று இன்று வழங்குகிறோம். அத்தகையன உருகி உறைந்து ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் ஆயின.