குடுமியான்மலை: பாறை யார் பேரில் இருக்கிறது?

தமிழகப் பொருளாதாரம் வேளாண்மையைத் தாண்டிப் பன்முகப்பட்டுவிட்டது என்பது இன்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்கிற பெருங்கதையாடல். நெல்லிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து இரும்புக்கு, இரும்பிலிருந்து கணினிக்கு என்று ஏணிப்படியாகச் சொல்லப்படுகிறது. கதையில் பொய் இல்லை. ஆனால் எந்த ஊரில் நின்று அதை வாசிக்கிறோம் என்பதில் அர்த்தம் மாறிப்போகிறது. நான் குடுமியான்மலையில் நின்று வாசித்துப் பார்க்கிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த ஊர் இசைக் கல்வெட்டுதான். கிரந்த எழுத்து, ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் வெட்டியதா இல்லையா என்ற விவாதம்; பரீட்சைக்கு அது போதும். அதே கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் கிடக்கின்றன. அவற்றில் பல நிலமும் நீரும் வரியும் தானமும் பற்றியவை. யாருக்கு எது பாத்தியம் என்று கல்லில் வெட்டிவைத்த பத்திரங்கள் அவை. அவற்றை யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

வானம் பார்த்த பூமி. காவிரித் தண்ணீர் 1934க்குப் பிறகு கல்லணைக் கால்வாய் வழியாக மாவட்டத்தின் கிழக்கே எட்டிப்பார்த்தது, மேற்கே கண்மாய்தான். சமஸ்தான காலத்தில் விளைநிலத்தின் பெரும்பகுதி இனாம். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி, மகசூலைப் பங்கு பிரிக்கிற அமானி முறையை ஒழித்துப் பணவரிக்கு மாற்றினார். 1888இல் இனாம் செட்டில்மெண்ட். நிர்வாகச் சீர்திருத்தம் என்று இதைப் புகழ்வார்கள். கண்மாய் வறண்ட வருஷத்தில் பங்கு தானாகக் குறையும், பணவரி குறையாது என்பது உழுதவனுக்குத் தெரியும்.

1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இணைந்தது, 1974இல் மாவட்டம் ஆனது. 1965இல் உற்பத்தி தொடங்கிய திருச்சி பெல் ஆலையை நம்பி மாத்தூர்ப் பக்கம் பட்டறைகள் முளைத்தன. குடுமியான்மலைக்குக் கிடைத்தது அண்ணா பண்ணை, பிறகு 2014இல் வேளாண் கல்லூரி. நிலமில்லாதவர்களுக்கு இவை இரண்டுமே தூரம். அவர்களுக்கு இருந்த 'மாற்றுத் தொழில்' சம்மட்டியும் கல்லும்.

இங்கேதான் ஏணிக்கதை உடைகிறது. ஏலத்தில் குவாரியை எடுத்தவன் ஒருவன், உடைத்தவர்கள் வேறு. பெண்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஜல்லி உடைத்தார்கள். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிப் பெண்களும் கற்றார்கள். ஆண்கள் சைக்கிளைத்தான் பலரும் விரும்பினார்கள்: முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! சைக்கிள் ஓட்டிய படம்தான் பிரபலம். எனக்கு முக்கியம் அடுத்தது. டுவாக்ரா குழுக்கள் மூலம் குவாரிக் குத்தகையே அந்தப் பெண்கள் பேருக்கு எழுதப்பட்டது. நேற்றுவரை கூலி, இன்று குத்தகைதாரர். கல் அதேதான், சம்மட்டியும் அதேதான். தொழில் மாறவில்லை, பத்திரத்தில் பெயர் மாறியது. ரசீதைத் தானே படித்துப் பார்க்கவும் முடிந்தது.

இப்போது புள்ளிவிவரத்தைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் தமிழகத்தில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்தவர்கள் ஏறக்குறைய 51 லட்சம். 2011இல் 42 லட்சம். விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சம் ஆனார்கள். உழுதவர்கள் எல்லோரும் ஆலைக்குப் போய்விட்டார்கள் என்று இதை எப்படி வாசிப்பது? மண்ணின் மீது உரிமை உள்ளவர்கள் குறைந்தார்கள், அதில் கூலிக்கு நிற்பவர்கள் கூடினார்கள்.

குவாரியும் அந்தத் திசையில்தான் போனது. சம்மட்டி போய்க் கிரஷர் வந்தது, ஜல்லியோடு எம்-சாண்டும் சேர்ந்தது. பெண்கள் குழுவால் சம்மட்டி வாங்க முடியும். கிரஷரும் டிப்பர் லாரிகளும் வாங்க ஆகுமா? மூலதனம் பெருத்ததும் கல் மறுபடி கை மாறியது. 2025 ஜனவரியில், திருமயம் பகுதிக் குவாரி முறைகேடுகள் பற்றி விடாமல் மனுக் கொடுத்துவந்த ஒருவர் லாரி மோதிச் செத்தார். கொலை வழக்கில் குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள்.

சமஸ்தானக் கல்வெட்டுகளை 1929இல் புதுக்கோட்டையில் அச்சிட்டார்கள். தொண்ணூறுகளில் பெண்கள் பேரில் எழுதப்பட்ட குத்தகைப் பத்திரங்களையும் அப்படித் தேடித் தொகுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் பலர் இன்றும் இந்த வட்டாரத்தில்தான் இருப்பார்கள்.