பெர்காவ்: ஒரு அணையும் ஒரு கோப்பும்

பிரிட்டன் மலேசியாவுக்குக் கொடுத்த ஒரு வளர்ச்சி உதவி, ஆயுத வியாபாரத்தில் தொடங்கியது. 1988-இல் போட்ட ஒப்பந்தக் குறிப்பில் ஆயுதமும் உதவித்தொகையும் கைகோத்துக்கொண்டன. அப்புறம் கிளந்தானில் பெர்காவ் நீர்மின் அணைக்கு 23.4 கோடி பவுண்டு என்று முடிவானது.

உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டர் மறுத்தார். மலேசிய மக்களுக்கே இது மலிவான மின்சாரம் இல்லை என்பது அவர் துறை போட்ட கணக்கு. மீறிச் செய்வதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றார். 1991-இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் உத்தரவிட்டார். அணையும் எழும்பியது.

ஆனா, அந்த மறுப்பு கோப்பில் இருந்தது. 1994-இல் ஒரு தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில், பொருளாதாரரீதியாகத் தேறாத திட்டத்துக்கு உதவி கொடுத்தது சட்டவிரோதம் என்றது லண்டன் உயர் நீதிமன்றம். 2002-இல் வந்த சட்டம், வறுமைக் குறைப்பே உதவியின் நோக்கம் என எழுதிவைத்தது. லாங்கெஸ்டரால் அணையை நிறுத்த முடியல. கணக்கை மறைக்கவும் விடல.