வட்டியில்லாமல் முதல் வீடு: நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் மனை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காஜிமார் தெரு, மஹபூப்பாளையம், கோரிப்பாளையம், நெல்பேட்டை என மதுரை நகருக்குள் பள்ளிவாசலைச் சுற்றியே வாழ்ந்து பழகிய குடும்பங்கள் பலவற்றுக்கு, அங்கேயே சொந்த இடம் வாங்குவது இன்று கைக்கு எட்டாத காரியம். அதனால் பார்வை புறநகர் பக்கம் திரும்புகிறது. அப்படிப் பார்க்கப்படும் இடங்களில் ஒன்று நாகமலை புதுக்கோட்டை.

நகருக்கு மேற்கே, தேனி சாலையில், நாகமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி இங்கேயே இருக்கிறது. அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் காமராசர் பல்கலைக்கழகமும் வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் வரும். படிக்கும் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் உள்ள குடும்பத்துக்கு இது வசதிதான். ஆனால் விலை குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வங்கி பார்க்கும் வேலையை நாம் பார்க்க வேண்டும்

வட்டிக்குப் பயந்து வங்கிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்குவது நல்ல முடிவு. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடன் கொடுக்கும் வங்கி, தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழக்கறிஞரை வைத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும். ரொக்கமாகவோ தவணையிலோ வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "நம்ம ஆளுதான், தெரிந்தவர்தான்" என்ற நம்பிக்கை அந்த இடத்தை நிரப்பாது. சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பின்வருவனவற்றைப் பாருங்கள்:

- 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள்.
- பட்டா, சிட்டா, புல வரைபடம். சர்வே எண்ணும் பரப்பளவும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.
- மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) அங்கீகாரம்.
- 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்.
- வக்ஃபு நிலமா என்ற விசாரணை. வக்ஃபு சொத்தை வாங்குவது சட்டப்படியும் செல்லாது, மார்க்கப்படியும் கூடாது.

மலையும் கண்மாயும்

இந்தப் பகுதியில் மலையடிவாரமும் கண்மாய்களும் அதிகம். நீர்நிலைப் புறம்போக்கில் வீடு கட்டினால் என்றைக்கும் நிம்மதி இருக்காது. அருகில் கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டத் தடை. அடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி பெற்றே கட்ட முடியும். மனையை ஒருமுறை நல்ல மழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அப்போது தெரியும்.

வாரிசுகள் அனைவரின் கையெழுத்து

விற்பவர் முஸ்லிம் குடும்பம் என்றால் கூடுதல் கவனம் தேவை. நமது சட்டத்தில் வாய்மொழி ஹிபாவும் செல்லும். அது வில்லங்கச் சான்றில் வராது. பாகம் பிரிக்காத சொத்தில் தாய்க்கும் பெண்மக்களுக்கும் உள்ள பங்கும் அதில் தெரியாது. வாரிசுச் சான்று வாங்கி, அதிலுள்ள அனைவரிடமும் கையெழுத்துப் பெறுங்கள். ஒரு சகோதரியின் ஹக்கை விட்டுவிட்டு வாங்கிய வீட்டில் வழக்கும் வரும், பரக்கத்தும் இருக்காது.

தவணையில் வாங்கும்போது

ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையை முடிவு செய்துவிட்டால் கூடும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தவணை தாமதமானால் தொகை கூடும் என்ற நிபந்தனை வட்டியாகிவிடும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் காட்டுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. எனவே வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுக்காதீர்கள். ரெரா சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மனை நிறுவனம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தொகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

முழுச் செலவு எவ்வளவு?

கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு இதுவே 90,000 ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் மனைவி பெயரில் பதிந்த பிறகு சட்டத்தின் பார்வையில் அது அவருடைய சொத்து என்பதை மறக்க வேண்டாம்.

ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, பாதை வசதி, நகருக்குள் தினமும் போய்வரும் பஸ், பெட்ரோல் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால்தான் மலிவான மனை உண்மையில் மலிவா என்பது புரியும்.

குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்

ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் எந்தப் பள்ளிவாசல், பிள்ளைகளுக்கு மக்தப் மதரஸா எங்கே, மையவாடி எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தது, இரவில் பெண்கள் பயமில்லாமல் வந்து சேர முடியுமா? இவற்றை ஆண்கள் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகும் பெண்களின் கருத்தையும் கேளுங்கள். அக்கம்பக்கத்து மக்களிடம், எந்த மதத்தவராக இருந்தாலும், தண்ணீர் நிலவரத்தை விசாரியுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

விசாரிக்க ஒரு மாதம் கூடுதலாகலாம். அதற்குள் மனை கைவிட்டுப் போனால் வேறு மனை கிடைக்கும். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் போனால் திரும்பக் கிடைப்பது அரிது. நன்கு விசாரித்து, இஸ்திகாரா செய்து, பிறகு முன்பணம் கொடுங்கள். வல்ல அல்லாஹ் ஹலாலான, நிம்மதியான வீட்டை நம் அனைவருக்கும் தருவானாக!