அரூர் வட்டாரத்தில் சிறுவர் வறுமையும் கல்வியும்

தருமபுரி மாவட்டத்தின் அரூர் நகரையும் அதற்குத் தெற்கே அமைந்த சித்தேரி மலையையும் உள்ளடக்கிய வட்டாரத்தில், அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லாதபோதும் ஏழைச் சிறுவர் பலரது கல்வி இடையில் அறுபடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே மிகக் குறைவு. மாநிலச் சராசரி 80.1 விழுக்காடு ஆகும்.

மலையும் பள்ளியும்

சித்தேரி மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கேரள மக்களைக் குறிக்கும் பெயருடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்களின் மொழி தமிழே. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ், தொடக்கப் பள்ளி 1 கி.மீ. தொலைவிலும் நடுநிலைப் பள்ளி 3 கி.மீ. தொலைவிலும் இருத்தல் வேண்டும் எனத் தமிழ்நாட்டு விதிகள் கூறுகின்றன. ஆனால் சட்டத்தின் காப்பு 14 வயதுடன், அதாவது எட்டாம் வகுப்புடன் முடிந்துவிடுகிறது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் அதற்கு மேற்பட்ட படிப்புக்கு விடுதியையோ உறைவிடப் பள்ளியையோ நாட வேண்டியுள்ளது. உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் தேவையான பழங்குடிச் சாதிச் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர். அதற்கென அரூருக்கு இறங்கிவரும் நாளில் பெற்றோர் கூலியை இழக்கின்றனர்.

இடப்பெயர்வு

வானம் பார்த்த வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. ஆகவே குடும்பங்கள் திருப்பூருக்கும் அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் பருவந்தோறும் செல்கின்றன. உடன் செல்லும் சிறுவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆள் இருப்பதில்லை. 1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கே பசியாற்ற இயலும். ஊர்விட்டுப் போன பிள்ளையை அவை எட்டுவதில்லை.

வாச்சாத்தி

வறுமை பொருளாதாரக் காரணங்களால் மட்டுமே விளைவதன்று என்பதற்கு அரூரை அடுத்த மலையடிவாரச் சிற்றூரான வாச்சாத்தி சான்றாகும். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகளும் உடைமைகளும் அழிக்கப்பட்டன. கைது செய்யப்பட்ட 133 பேரில் 90 பெண்களும் 28 சிறுவர்களும் இருந்தனர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, உயிருடன் இருந்த 215 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. அதனைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அன்று கைதான சிறுவர்கள் இதற்குள் பள்ளி வயதை எப்போதோ கடந்திருந்தனர்.