கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் மூன்று திருகாணிகளும்

ஸ்டான்லி மருத்துவமனையை இராயபுரத்துப் பழைய தலைமுறையினர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். 1782 பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. துறைமுகமும் எண்ணூர்வரை நீளும் ஆலைகளும் சூழ்ந்த இடமாதலால், சிதைந்த கைகளைச் சீராக்கும் அறுவையில் அது பெரும்பெயர் பெற்றது. நாம் பேச விரும்புவது ஆலைக்கே போகாதவரின் முறிவைப் பற்றி: குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்த மூதாட்டி.

மூட்டுறைக்குள் முறிந்த எலும்பு கூடுவதில்லை என்று 1822-இல் எழுதினார் இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். காலைச் சிலநாள் தலையணைமேல் கிடத்தியபின், ஊன்றுகோல் தந்து எழுப்பிவிடச் சொன்னார். கைகழுவியதுபோலத் தோன்றும். ஆனால் முதியவரைக் கொல்வது முறிவைவிடப் படுக்கைதான் (படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி) என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் வந்த விட்மனின் மாவுக்கட்டோ மார்பிலிருந்து பாதம்வரை இறுக்கி, நோயாளியை மாதக்கணக்கில் கிடத்தியது.

1925-இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் மூன்று இதழ்கள் கொண்ட எஃகு ஆணியை எலும்புக்குள் செலுத்தினார். அதற்கு மூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. 1932-இல் சுவீடனின் யோஹான்சன் அந்த ஆணியில் நீளவாக்கில் துளையிட்டார். முதலில் மெல்லிய கம்பி. அது சரியான திசையில் இருப்பதை எக்ஸ்ரேயில் கண்டபின், அதன்மேல் ஆணி. மூட்டைத் திறக்கும் தேவை ஒழிந்தது. இராயபுரத்து மருத்துவப் பள்ளி 1938-இல் ஸ்டான்லி கல்லூரியாக உயர்ந்தபோது, ஆணிக்கு வயது பதின்மூன்றுதான்.

இன்று ஆணியின் இடத்தில் பெரும்பாலும் மூன்று துளைத் திருகாணிகள். அவற்றின் முனையில் மட்டுமே மரை உண்டு; முறுக்க முறுக்க, எலும்பின் தலை கழுத்தோடு நெருங்கி இறுகும். திருவொற்றியூர்ப் பட்டறைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

சென்னையில் பல இடங்களில் 'புத்தூர் கட்டு' என்ற பலகைகளைக் காண்கிறோம். முன்கையின் எளிய முறிவை வெளிக்கட்டு தாங்கலாம். இடுப்பு மூட்டோ தசைகளுக்கு அடியில் ஆழத்தில் கிடப்பது. எந்தக் கட்டும் அதைப் பிடிக்காது. எலும்புத் தலைக்கான இரத்தம் பெரும்பகுதி கழுத்து வழியே செல்வதால், முறிவு விலகினால் தலை மடியக்கூடும். பின்பு திருகாணி பயன்படாது. உலோகத் தலைதான் பொருத்த வேண்டும்.

"வயசாயிடுச்சு, கத்தி வேணாம்" என்று வீட்டார் இரக்கத்தோடுதான் சொல்கின்றனர். வயதே அறுவையை விரைவுபடுத்தும் காரணம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. ஓரிரு நாளுக்குள் அறுவை முடிந்தால், பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கின்றனர்.