நீலமலையின் மறைவுப் பாதைகள்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக்கு மேற்கே, யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் ஆவி காற்றிற் கலந்து தூரத்துப் பார்வைக்கு நீலம் பூத்து நிற்பதாகச் சொல்லப்படும் மலைப்பிரதேசம் ஒன்று உண்டு. அங்கே கட்டூம்பா ஊரின் விளிம்பில் நின்று, 'மூன்று சகோதரிகள்' என்னும் பாறைச் சிகரங்களைக் கண்டு களித்துத் திரும்பும் திரளான ஜனங்களுள், தம் காலடியிலிருந்தே பள்ளத்தாக்கினுள் இறங்கும் நடைபாதைகளில் நெடுந்தூரம் செல்வோர் சொற்பமே. அப்பாதைகளைச் சமைத்தவர்களை நினைப்போர் அதனினும் சொற்பம்.

1813-ல் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் என்னும் மூவர் இம்மலையைக் கடந்ததைச் சரித்திர நூல்கள் பெரிதும் கொண்டாடுகின்றன. ஆயினும் குண்டுங்குரா, டாருக் முதலிய பூர்வகுடிகள் அதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன்பிருந்தே அம்மலைமுகடுகளில் நடமாடி வாழ்ந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தப் பாதைகளின் கதையைத் தொடங்குவது நியாயமாகாது. 1836 ஜனவரியில், அப்போது வெதர்போர்டு என்று வழங்கிய இடத்தில் தங்கிய சார்லஸ் டார்வின், ஓர் ஓடையைத் தொடர்ந்து நடந்து சென்று, திடீரென்று தம் முன்னே வாய்பிளந்து நின்ற பெரும்பள்ளத்தைக் கண்டு பிரமித்தார். அந்த ஓடைக்கரைப் பாதை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1860-களில் இருப்புப்பாதை மலையேறிய பிறகு, சிட்னிவாசிகள் சுகவாசத்துக்காக அங்கே வரலாயினர். 1884-ல் கட்டூம்பாவிலிருந்து ஜெனோலன் குகைகளுக்கு ஆறடி அகலத்தில் ஒரு குதிரைப்பாதை வகுக்கப்பட்டது. ஊர்தோறும் அமைந்த தர்மகர்த்தா சபையார், சர்க்கார் அளித்த சிறு மானியங்களைக் கொண்டே, அருவிகளுக்கும் குகைகளுக்கும் படிகள் அமைத்தனர். அவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வென்ட்வொர்த் அருவியருகே உருவான 'நேஷனல் பாஸ்' என்பதுதான். செங்குத்தான பாறைச்சுவரின் இடைநடுவே, கெட்டியான மணற்கல் அடுக்குகளுக்கிடையில் மெலிந்து கரைந்த களிக்கல் அடுக்கைக் கண்டுகொண்டு, அந்த இயற்கைத் திட்டையே வழியாக்கி, போதாத இடங்களில் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் பாறையைக் குடைந்து, மலையின் இயல்புக்கு இணங்கியே வேலை செய்த அத்தொழிலாளரின் புத்திநுட்பத்தை, அரண்மனைகளைக் கட்டிய சிற்பிகளின் திறமைக்கு ஒரு படியும் குறைத்து மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

பாதைகள் நடப்போரை உண்டாக்கின; நடப்போரோ காட்டைக் காக்கப் புறப்பட்டனர். கட்டடக்கலை ஆசிரியரான மைல்ஸ் டன்ஃபி 1914-ல் நண்பர்களோடு ஒரு மலைநடைச் சங்கம் கண்டார். காடுகளிலெல்லாம் அலைந்து தம் கையாலேயே தேசப்படங்கள் வரைந்தார். 1927-ல் பெண்களையும் உறுப்பினராக ஏற்ற 'சிட்னி புஷ் வாக்கர்ஸ்' சங்கம் தோன்றியது. 1931-ம் வருஷத்து ஈஸ்டர் விடுமுறையில் குரோஸ் பள்ளத்தாக்கினுள் இறங்கிய ஒரு நடைக்குழுவினர், ஆற்றோரத்தில் வானளாவி நின்ற 'புளூ கம்' என்னும் யூகலிப்டஸ் மரக்காட்டை வெட்டித் தள்ளிவிட்டு வால்நட் பயிரிட எண்ணியிருந்த குத்தகைதாரர் ஒருவரைச் சந்தித்தனர். நாடெங்கும் வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்தாடிய காலம் அது. அப்படியிருந்தும், 130 பவுன் கொடுத்தால் குத்தகையை விட்டுக்கொடுப்பதாக அவர் இசையவே, சங்கங்கள் பணந்திரட்டியும் கடன்பட்டும் அத்தொகையைச் செலுத்தி, 1932-ல் அக்காட்டைப் பொதுமக்களின் காப்புநிலமாக்கின. அதே காலத்தில் டன்ஃபி வகுத்த பெரும் பூங்காத் திட்டத்தின் ஒரு பகுதி, 1959-ல்தான் நீலமலைத் தேசியப் பூங்காவாக உருப்பெற்றது. 2000-ல் அப்பிரதேசம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

அந்த மரக்காட்டைக் காண விரும்புவோர் பிளாக்ஹீத் அருகேயுள்ள பெர்ரிஸ் லுக்டவுனிலிருந்து சுமார் 600 மீட்டர் செங்குத்தாக இறங்கவேண்டும். காட்டுக்குள் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. இராத்தங்க விரும்புவோர் சற்று அப்பாலுள்ள அகேஷியா ஃபிளாட் என்னும் இடத்துக்குப் போய்விட வேண்டும். மரங்களின் வேர்மண் இறுகிப்போகாதிருக்க இவ்விதி அவசியமே.